ஐகான் காணோம்னா ஃபார்மட்டா?

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்களுக்கு நடுவே ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் காலை ஏழரை மணிக்கே போன் அடித்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லப்பா, எல்லாம் போயிடுச்சு." போய்ப் பார்த்தால் கடை வாசலில் ஒருவர் கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு நிற்கிறார். வீட்டில் பெரியவர் தவறிவிட்டார், பத்து மணிக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தெருவில் ஒட்டியாக வேண்டும். உள்ளே அக்கா ஸ்டார்ட் மெனுவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார், திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஏதாவது திரும்பி வந்திருக்குமா என்கிற மாதிரி. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் இல்லை, போட்டோஷாப் இல்லை, தமிழ் டைப் அடிக்கிற சாஃப்ட்வேர் இல்லை. வெதரும் ஏதோ கேமும் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு முன்னாலேயே ரிச்சி தெருவில் தெரிந்த சர்வீஸ் பையனிடம் கேட்டாயிற்று. பதில் உடனே வந்திருக்கிறது: "ஃபார்மட் போட்டு ஓஎஸ் ஏத்திடலாம்க்கா, சாயங்காலம் வரேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறேன். அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மட் போட்டிருந்தால் என்ன போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்திய காலத்துத் தமிழ் ஃபான்டுகள் பதினைந்து வருஷமாகச் சேர்த்தவை, அவற்றில் பாதிக்கு எங்கேயும் காப்பி கிடையாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல், அக்காவிடம் இருந்த சிடி எந்த வருஷத்து வெள்ளத்தில் போனது என்று அவருக்கே நினைவில்லை. போனது ஐகான். அதற்காக அந்தப் பையன் போடச் சொன்ன மருந்து, மிச்சம் இருந்ததையெல்லாம் சேர்த்து எரித்திருக்கும்.

நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. சி டிரைவைத் திறந்து, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய், பேஜ்மேக்கர் ஃபோல்டரைத் தேடி, அதற்குள் இருந்த இஎக்ஸ்இ ஃபைலை, அதாவது சாஃப்ட்வேரை ஓடவைக்கிற ஃபைலை, டபுள் கிளிக் செய்தேன். வழக்கம்போலத் திறந்தது. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். போஸ்டர் ஒன்பதரைக்கே போய்விட்டது.

பஸ் ஸ்டாப்பில் போர்டைப் பிடுங்கிவிட்டால் 29சி ஓடாமல் நின்றுவிடுமா? ஓடிக்கொண்டுதான் இருக்கும், எங்கே நின்று ஏறுவது என்றுதான் தெரியாது. ஸ்டார்ட் மெனுவில் நாம் பார்க்கிற ஐகான் அந்த போர்டுதான். சாஃப்ட்வேர் வேறு இடத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு என்றால், 1995க்குப் போக வேண்டும். அதற்கு முந்திய விண்டோஸ் 3.1இல் புரோகிராம் மேனேஜர் என்று ஒன்று இருந்தது, அதன் ஐகான்களெல்லாம் குரூப் ஃபைல் என்கிற தனி வகை ஃபைல்களுக்குள் அடைபட்டிருக்கும். 1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95 அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்டார்ட் பட்டனைக் கொண்டுவந்தது. மெனு என்று புதிதாக எதையும் பெரிதாகக் கட்டவில்லை. ஒரு சாதாரண ஃபோல்டரை எடுத்து, அதற்குள் சாஃப்ட்வேருக்கு வழிகாட்டும் ஷார்ட்கட் என்கிற குட்டி ஃபைல்களைப் போட்டு, அந்த ஃபோல்டரையே மெனுவாகக் காட்டினார்கள். எந்த ஃபோல்டரில் என்ன செய்ய முடியுமோ அதையெல்லாம் ஸ்டார்ட் மெனுவிலும் செய்யலாம்: காப்பி எடுக்கலாம், பேர் மாற்றலாம், நகர்த்தலாம். அழிக்கவும் செய்யலாம். வசதியும் வில்லங்கமும் அதே இடத்தில்தான்.

அதற்கப்புறம் மெனுவின் முகம் எத்தனையோ தடவை மாறிவிட்டது. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது, ஜனம் சும்மா இருக்குமா, அடுத்த வருஷமே 8.1இல் பட்டன் திரும்ப வந்தது. 2015இல் விண்டோஸ் 10இல் மெனுவும் வந்தது, 2021இல் விண்டோஸ் 11 அதை நடுவில் கொண்டுபோய் வைத்தது. ஆனால் பட்டன் இல்லாத விண்டோஸ் 8இல்கூட ஸ்டார்ட் மெனு என்கிற ஃபோல்டர் அப்படியே இருந்தது. 2007இல் விஸ்டா வந்தபோது ஒரு தடவை வீடு மாறியது, அதோடு சரி, இன்றுவரை அதே முகவரி.

முகவரி ஒன்றல்ல, இரண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதலாவது எல்லா யூசருக்கும் பொதுவானது: சி டிரைவில் புரோகிராம் டேட்டா, அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஸ்டார்ட் மெனு, கடைசியாக புரோகிராம்ஸ். இந்த புரோகிராம் டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், சும்மா போனால் கண்ணில் படாது. இரண்டாவது உங்களுக்கு மட்டுமானது, உங்கள் யூசர் ஃபோல்டரில் ஆப் டேட்டா, ரோமிங் என்று இறங்கினால் அங்கேயும் அதே வரிசை. நீங்கள் பார்க்கிற மெனு இந்த இரண்டையும் கலந்து காட்டுவது. இத்தனை படி இறங்க அலுப்பாக இருந்தால் விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வருகிற பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் புரோகிராம்ஸ் என்று அடித்தால் உங்களுடைய ஃபோல்டர் திறக்கும். புரோகிராம்ஸுக்கு முன்னால் காமன் என்று சேர்த்து, நடுவில் ஒரு இடம் விட்டால் பொது ஃபோல்டர்.

இதனால் என்ன லாபம்? என்ன காணாமல் போனது என்பதை வைத்தே எங்கே அடிபட்டது என்று சொல்லிவிடலாம். ஒரு யூசருக்கு மட்டும் ஐகான்கள் இல்லை, அதே கம்ப்யூட்டரில் இன்னொருவர் லாகின் செய்தால் இருக்கின்றன என்றால் பொது ஃபோல்டர் நன்றாக இருக்கிறது, அந்த ஒருவருடைய ஃபோல்டரிலோ புரொஃபைலிலோதான் கோளாறு. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் பொது ஃபோல்டரையே மெனுவில் காட்டாதே என்று நிர்வாகி எல்லோருக்கும் கட்டுப்பாடு வைக்கிற குரூப் பாலிசியில் யாராவது ஒரு டிக் போட்டிருக்கலாம், அப்படி ஒரு அமைப்பு நிஜமாகவே உண்டு. எல்லோருக்குமே போய்விட்டது என்றால் பொது ஃபோல்டரில் கை வைக்கப்பட்டிருக்கிறது. அக்கா கடையில் வெதர் மட்டும் தப்பித்ததற்கும் காரணம் இதுதான். ஸ்டோர் வழியாக வருகிற ஆப்புகளுக்கு இந்த இரண்டு ஃபோல்டர்களிலும் ஃபைல் கிடையாது, அவற்றின் பதிவு வேறு இடத்தில் இருக்கிறது. அவை அப்படியே இருந்து மற்றதெல்லாம் போயிருக்கிறது என்றால், அழிந்தது ஷார்ட்கட் ஃபைல்கள்தான் என்று சேரை இழுத்து உட்காருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த ஷார்ட்கட் ஃபைலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் கடைசிப் பெயர் எல்என்கே. எக்ஸ்ப்ளோரரில் ஃபைல்களின் கடைசிப் பெயரைக் காட்டச் சொல்லி டிக் போட்டாலும் இதற்கு மட்டும் காட்டாது, எப்போதும் காட்டாதே என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். அதற்குள் சாஃப்ட்வேரின் முழு முகவரி, எந்த ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும், ஐகான் படத்தை எங்கிருந்து எடுப்பது, எந்த டிஸ்க் என்பதற்கு ஒரு சீரியல் எண் எல்லாம் இருக்கும். அதனால்தான் ஒரு ஃபைலை அதே டிஸ்கில் வேறு ஃபோல்டருக்கு மாற்றினால்கூட பல சமயம் பழைய ஷார்ட்கட் அதைத் துரத்திக்கொண்டு போய்க் கண்டுபிடித்துவிடுகிறது. பழைய ஆபீஸ் தொகுப்புகள் போட்டு வைத்த சில ஷார்ட்கட்களில் நேரான முகவரி இருக்காது, இன்ஸ்டாலருக்கான ஒரு குறியீடுதான் இருக்கும். அதைக் கையால் திரும்பச் செய்ய முடியாது, கன்ட்ரோல் பேனலில் ரிப்பேர் கொடுக்க வேண்டும்.

சரி, இவை எப்படிப் போகின்றன? எனக்குத் தெரிந்து இதில் மிகக் குரூரமான தந்திரம் 2011 வாக்கில் வந்தது. விண்டோஸ் ரெகவரி, சிஸ்டம் ரெஸ்டோர் என்று யோக்கியமான பெயர்களை வைத்துக்கொண்டு சில போலி சாஃப்ட்வேர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தன. உள்ளே வந்ததும் உங்கள் ஃபைல்களுக்கெல்லாம் மறைந்த ஃபைல் என்று முத்திரை குத்திவிடும், ஸ்டார்ட் மெனு காலியாகிவிடும், அப்புறம் ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது, காசு கட்டினால் சரிசெய்கிறேன் என்று ஒரு எச்சரிக்கை. பார்க்கிறவருக்கு நிஜமாகவே டிஸ்க் போய்விட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒன்றும் அழிந்திருக்காது. ஷார்ட்கட்களை எடுத்து தற்காலிக ஃபைல்கள் கிடக்கிற டெம்ப் ஃபோல்டருக்குள் எஸ்எம்டிஎம்பி என்று ஒரு ஃபோல்டர் போட்டு, 1, 2, 3, 4 என்று எண் கொடுத்த அறைகளில் அடுக்கி வைத்திருக்கும். ஒன்றில் பொது ஸ்டார்ட் மெனு, நான்கில் பொது டெஸ்க்டாப். காசு கட்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அதற்காகத் திருடனே பத்திரமாக வைத்திருந்தான்.

கொடுமை அதற்கப்புறம்தான். வைரஸ் வந்த கம்ப்யூட்டருக்கு எல்லோரும் சொல்கிற முதல் யோசனை என்ன? டெம்ப் ஃபைல்களை எல்லாம் கிளீன் பண்ணு. அதைக் கேட்டு கிளீன் செய்தவர்கள், திருடன் விட்டு வைத்ததைத் தங்கள் கையாலேயே அழித்தார்கள். பிளீப்பிங் கம்ப்யூட்டர் தளம் இதற்கென்றே அன்ஹைட் என்று ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்தது, மறைத்ததைக் காட்டி, டெம்பில் இருப்பதை அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். டெம்பை ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தால் அதுவும் என்ன செய்யும். அந்தப் போலி சாஃப்ட்வேர்களின் காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் எதுவோ காணோம் என்றால் முதலில் எதையும் கிளீன் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

இன்னொரு பெரிய சம்பவத்தில் திருடனே இல்லை, காவல்காரன்தான் செய்தான். 2023 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. மறுநாள் போகி, ஞாயிறு பொங்கல், சென்னையில் பாதி ஆபீஸ் மதியத்துக்கு மேல் கோயம்பேடு போகிற யோசனையில் இருந்திருக்கும். அன்றைக்கு வைரஸைத் தடுக்கிற மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டருக்கு 1.381.2140.0 என்ற எண்ணோடு ஒரு அப்டேட் வந்தது. டிஃபெண்டரில் ஒரு விதி உண்டு, வேர்டு, எக்ஸெல் ஃபைல்களுக்குள் ஓடுகிற மேக்ரோ என்கிற குட்டி புரோகிராம்கள் விண்டோஸின் அடிப்படைக் கட்டளைகளைக் கூப்பிட்டால் தடுத்து நிறுத்து என்று. நல்ல விதிதான், மேக்ரோ வழியாக வருகிற வைரஸ் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த அப்டேட்டில் அந்த விதி ஆளை அடையாளம் தெரியாமல் ஷார்ட்கட் ஃபைல்களைப் பிடித்து அழிக்க ஆரம்பித்துவிட்டது. போகிக்கு ஒரு நாள் முந்தியே மெனுவைக் கொளுத்திவிட்ட மாதிரி. அந்த விதியை ஆன் செய்து வைத்திருந்த நிறுவனங்களில்தான் அடி விழுந்தது, வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்த விதி ஓடாது என்பதால் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

1.381.2164.0 என்ற அடுத்த அப்டேட் தவறைத் திருத்தியது. ஆனால் அது புதிதாக அழிப்பதை நிறுத்தியதே தவிர, போனதைக் கொண்டுவரவில்லை. அதற்கு மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஃபைல், வெளியிட்டது. அதன் வேலையைப் பார்த்தால் இந்த விஷயம் முழுக்க விளங்கிவிடும். முதலில் வந்த ஸ்கிரிப்ட்டில் எல்லோரும் வைத்திருக்கிற சாஃப்ட்வேர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அவை ஒவ்வொன்றும் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று ரெஜிஸ்ட்ரியில் ஆப் பாத்ஸ் என்கிற இடத்தில் பார்த்து, இருந்தால் புதிதாக ஒரு ஷார்ட்கட் செய்து மெனுவில் போடும். பட்டியலில் இல்லாத சாஃப்ட்வேர் என்றால் அதற்கு ஒன்றும் கிடைக்காது. பிறகு வந்த ஸ்கிரிப்ட் இன்னும் புத்திசாலி, விண்டோஸ் அவ்வப்போது எடுத்து வைக்கிற ஷேடோ காப்பிக்குள் போய்ப் பழைய ஷார்ட்கட்களையே தேடி எடுத்து வந்தது. திரும்பக் கொண்டுவர வழி இந்த இரண்டுதான், ஒன்று புதிதாகச் செய்வது, இல்லையென்றால் பழைய காப்பியைத் தோண்டி எடுப்பது. நீங்கள் கையால் செய்தாலும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

அந்த ஆப் பாத்ஸ் நமக்கும் உதவும். வேர்டு ஐகானைக் காணோம், அவசரம் என்றால் விண்டோஸ் கீ, ஆர், அப்புறம் ஆங்கிலத்தில் வின்வேர்ட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். வேர்டு திறந்துவிடும். ஐகானே இல்லாமல் எப்படித் திறந்தது என்றால், இந்தப் பெயருக்கு இந்த முகவரி என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருக்கிறது.

வேறு சில கோளாறுகளை மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 7இல் வாராவாரம் தானாக ஓடும் ஒரு பராமரிப்பு வேலை உண்டு, டெஸ்க்டாப்பில் வழி தெரியாமல் நிற்கிற ஷார்ட்கட்கள் நான்குக்கு மேல் இருந்தால் அவற்றைத் தூக்கிவிடும். ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஃபைல்களுக்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துக்கொண்டு லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனவர்களுக்கு, திங்கட்கிழமை டெஸ்க்டாப் துடைத்த மாதிரி இருந்ததற்கு இதுதான் காரணம். இன்னொன்று, ஐகான் போகவில்லை, எல்லா ஐகானும் ஒரே படமாகிவிட்டது என்பது. யாரோ ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து ஓப்பன் வித் கொடுத்து ஏதோ பிளேயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எல்என்கே ஃபைல்களையெல்லாம் அந்த பிளேயரில்தான் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் நம்பிக்கொண்டிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் அந்தத் தேர்வை நீக்கினால் பழையபடி ஆகிவிடும். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் எல்லாமே காலியாக, புதுக் கம்ப்யூட்டர் மாதிரி இருந்தால் மூலையில் ஒரு அறிவிப்பு வந்ததா என்று கேளுங்கள். தற்காலிக புரொஃபைலில் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கும், நாம்தான் படிக்காமல் மூடியிருப்போம். அந்த நிலையில் எதையும் சேமிக்காதீர்கள், லாக் ஆஃப் செய்தால் போய்விடும்.

சரி, அக்கா கடைக்கு வருவோம். போஸ்டர்காரர் போன பிறகு டீ வந்தது, யார் என்ன செய்தார்கள் என்ற விசாரணையும் தொடங்கியது. காலேஜ் முதல் வருஷம் படிக்கிற அக்கா மகன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னான். சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது, இடம் பண்ணலாம் என்று ராத்திரி உட்கார்ந்து மறைந்த ஃபோல்டரையெல்லாம் திறந்திருக்கிறான். "எல்லா சாஃப்ட்வேரும் ரெண்டு இடத்துல இருக்குன்னு நெனச்சேன்ணா. புரோகிராம் ஃபைல்ஸ்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. இது டூப்ளிகேட்னு ஷிஃப்ட் டெலீட் அடிச்சிட்டேன்." ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. அவன் மிச்சப்படுத்திய இடம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டால், ஒரு போன் போட்டோ வைக்கக்கூடப் போதாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவுக்கு வரவில்லை.

முதலில் ஸ்டார்ட் மெனு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் பார்த்தேன். காலி. ஷேடோ காப்பி எடுக்கச் சொல்கிற சிஸ்டம் புரொடெக்ஷன் ஆன் செய்திருந்தால்தான் அங்கே ஏதாவது இருக்கும், இந்த மாதிரிக் கடைக் கம்ப்யூட்டர்களில் அதை யாரும் ஆன் செய்வதில்லை. அது இருந்திருந்தால் நேற்றைய ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

அடுத்தது டிஃபால்ட். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் டிஃபால்ட் என்று மறைந்த ஃபோல்டர் ஒன்று இருக்கிறது, புதிதாக யூசர் உருவாக்கினால் அவருக்குக் கொடுப்பதற்கான அச்சு அது. அதற்குள்ளும் அதே வரிசையில் ஸ்டார்ட் மெனு இருக்கும், விண்டோஸோடு வருகிற சில்லறைக் கருவிகளின் ஷார்ட்கட்கள் கொஞ்சம் அதில் கிடைத்தன. மீதிக்குக் கடையில் பில் போடுவதற்கென்று இருந்த இரண்டாவது கம்ப்யூட்டர் கைகொடுத்தது. அதிலும் அதே விண்டோஸ், ஏறக்குறைய அதே சாஃப்ட்வேர்கள். அதன் பொது புரோகிராம்ஸ் ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுத்து இதில் போட்டேன். அட்மின் அனுமதி கேட்டது, கன்டின்யூ கொடுத்தால் போதும். டீ ஆறுவதற்குள் மெனு நிரம்பிவிட்டது.

ஆனால் போட்டோஷாப்பும் இன்னொன்றும் வெள்ளைக் காகித ஐகானோடு வந்து நின்றன. கிளிக் செய்தால் ஷார்ட்கட்டில் பிரச்சினை என்றது. பில் கம்ப்யூட்டரில் அவை டி டிரைவில் ஏற்றப்பட்டிருந்தன, இங்கே சி. வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்த ஷார்ட்கட்டுக்கு, முன்னே சொன்ன துரத்திப் பிடிக்கிற வித்தையெல்லாம் வேலை செய்யாது, உள்ளே எழுதியிருக்கிற முகவரி சரியாக இருந்தால் உண்டு. ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டார்கெட் என்ற கட்டத்தில் டி என்பதை சி ஆக்கினேன். ஐகான் தன் முகத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டது. தமிழ் டைப் அடிக்கும் சாஃப்ட்வேர் பில் கம்ப்யூட்டரில் இல்லை, அதற்கு மட்டும் அதன் ஃபோல்டருக்குப் போய் இஎக்ஸ்இ ஃபைலை ரைட் கிளிக் செய்து, சென்ட் டூ வழியாக டெஸ்க்டாப்புக்கு ஒரு ஷார்ட்கட் எடுத்து, அதை வெட்டி புரோகிராம்ஸ் ஃபோல்டருக்குள் ஒட்டினேன். பில் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த ஒன்றிரண்டு சாஃப்ட்வேர்களின் ஷார்ட்கட்கள் இங்கே ஆள் இல்லாத வீட்டுக்கு வழிகாட்டிக்கொண்டு நின்றன, அவற்றை அழித்தேன்.

டாஸ்க்பாரில் பின் செய்து வைத்தவையும் இதே மாதிரி ஷார்ட்கட்கள்தான், ஆனால் அவை இந்த ஃபோல்டரில் இருக்காது. ரோமிங்குக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அதற்குள் குவிக் லாஞ்ச், அதற்குள் யூசர் பின்டு, கடைசியாக டாஸ்க்பார் என்று போக வேண்டும். 2022 ஜூனிலேயே ஓய்வு கொடுத்து அனுப்பிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பெயரில் விண்டோஸ் 11இலும் ஒரு ஃபோல்டர் உயிரோடு இருக்கிறது, இறந்துபோன தாத்தா பெயரில் இன்னும் கரண்ட் பில் வருகிற மாதிரி.

கிளம்பும்போது இரண்டு புரோகிராம்ஸ் ஃபோல்டர்களையும் ஜிப் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, சிஸ்டம் புரொடெக்ஷனையும் ஆன் செய்தேன். சிவப்புக் கோடு பிரச்சினை அப்படியேதான் இருந்தது. பார்த்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பையன் இறக்கி வைத்த படங்கள் நாற்பது ஜிபிக்கு மேல். அதை அவனே ஷிஃப்ட் டெலீட் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா பென் டிரைவின் மேல் மார்க்கரால் "மெனு" என்று எழுதி, கல்லாவில் விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.